வீட்டு மின் பணி விதிகள் மாறுகின்றன. வயர்மேன்களுக்குச் சொல்வது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் உரிமம் பெற்று, வீட்டு மின் பணிகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்து வருபவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். வீடுகளுக்கான மின் பாதுகாப்பு விதிகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் மாறிய அளவுக்கு அதற்கு முன் ஐம்பது ஆண்டுகளில் மாறவில்லை. ஆனால் சுவரை வெட்டிப் பைப் பதித்து வயர் இழுக்கிற தொழிலாளியிடம் அந்த மாற்றங்களைக் கொண்டு சேர்க்கும் நிலையான ஏற்பாடு ஒன்றையும் கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களிலும் நான் கண்டதில்லை. இதைச் சரிசெய்யாமல் விதிகளை எத்தனை முறை திருத்தினாலும், அவை அரசிதழில் இருக்குமே தவிர வீட்டுச் சுவருக்குள் வந்து சேராது.

எங்கள் தொழிலில் மூத்தவர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வது 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளைத்தான். 2003-இல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் 53-ஆவது பிரிவின் கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-இல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டபோது 1956 விதிகளின் இடத்தை அவை எடுத்துக்கொண்டன. இடையில் சில திருத்தங்கள் வந்தன. பிறகு 2023 ஜூனில் 2010 ஒழுங்குமுறைகளும் விலக்கப்பட்டுப் புதிய ஒழுங்குமுறைகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இதே காலத்தில் வீட்டு வயரிங்குக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 732, 1989-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 2019-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு மாறியது. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தை அமைப்பதற்கான ஐ.எஸ். 3043, 1987-லிருந்து 2018-க்கு மாறியது. 1985-இல் முதலில் வந்த தேசிய மின் விதித்தொகுப்பு 2011-இலும் 2023-இலும் புதுப்பிக்கப்பட்டது. இவற்றுக்கு மேல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், மின் விநியோக விதித்தொகுப்பைத் திருத்தி, வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவிலான மின்கசிவுத் தடுப்புக் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டு வாங்குவது இந்தக் கருவியைத்தான்.

மத்திய ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் இந்திய அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியாகின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் தன் தரநிலைகளை இப்போது இணையத்தில் விலையின்றி இறக்கிக்கொள்ள வழி செய்திருப்பது நல்ல காரியம்தான். ஆனால் அவையும் ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள். பத்தாம் வகுப்பு முடித்து, ஒரு மேஸ்திரியிடம் உதவியாளாகச் சேர்ந்து, கை பழகி, வயர்மேன் ஆனவர்கள்தான் நம் பகுதியில் பெரும்பாலோர். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். வரைபடம் இல்லாமலே ஒரு வீட்டின் மொத்த இணைப்பையும் மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் திறமைசாலிகளை எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கும் 2023-இல் என்ன மாறியது என்று தெரியாததற்கு அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

விதி மாறினால் என்ன, பல்பு எரிந்தால் போதாதா என்று கேட்கும் வீட்டுக்காரர்களுக்காக நம் மண்ணிலிருந்தே ஒரு விஷயத்தை விளக்க விரும்புகிறேன். நம் இரு மாவட்டங்களிலும் பல ஊர்களில் இரண்டு மூன்று அடி தோண்டினாலே பாறை தட்டிவிடும். மழை குறைவு, ஆண்டில் பல மாதங்கள் மண் காய்ந்தே கிடக்கும். எர்த் குழிக்கு இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. பைப் இறங்க வேண்டும், சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு ஈரம் காக்க வேண்டும் என்பதுதான் எல்லோரும் கற்ற பாடம். ஆனால் பர்கூர்ப் பக்கமும் காரிமங்கலம் பக்கமும் பழைய வீடுகளில் வேலைக்குப் போய் எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தால், பாறை தட்டிய இடத்தில் பைப்பை அறுத்து, மூன்றடித் துண்டை நட்டு, மேலே சிமெண்ட் பூசி மூடியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னும் சில வீடுகளில் தனி எர்த் என்பதே கிடையாது. அந்தக் காலத்தில் இரும்புத் தண்ணீர்க் குழாயில் ஒரு கம்பியைச் சுற்றி, அதையே எர்த் என்று விட்டிருப்பார்கள். அதுவே தவறான வழக்கம். பிறகு அந்தக் குழாயை மாற்றி பி.வி.சி. போட்டபோது, குழாய் வேலை செய்தவருக்கு அந்தக் கம்பி எதற்கு என்று தெரியாததால், பெயரளவில் இருந்த எர்த்தும் போய்விட்டது. மூன்று முனை சாக்கெட்டின் பெரிய துளை மட்டும் சுவரில் இருக்கிறது. அதற்குப் பின்னால் எதுவும் இல்லை.

இனி கணக்கைப் பாருங்கள். எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் பாறை மண்ணில் இதைவிட அதிகமாகவும் இருக்கும். குளியலறை வாட்டர் ஹீட்டரில் சுருள் கெட்டு, பேஸ் மின்சாரம் அதன் வெளிக்கூட்டைத் தொட்டுவிட்டால், 230 வோல்ட்டை 20 ஓமால் வகுத்து வரும் 11.5 ஆம்பியருக்கு மேல் எர்த் வழியாக ஓட வழியில்லை. அந்த ஹீட்டருக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. என்ற தானியங்கி சுவிட்சுக்கு அது சாதாரணச் சுமை. அது விழவே விழாது, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்காது. ஹீட்டரின் கூட்டில் ஆளைக் கொல்லக்கூடிய மின்னழுத்தம் அப்படியே நின்றுகொண்டிருக்கும். ஈரக் கையோடு யார் தொடுகிறார்களோ அவர்கள் உயிருக்கு ஆபத்து. எம்.சி.பி. போட்டுவிட்டோம், இனி பயமில்லை என்று நம்பும் வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர். எம்.சி.பி. காப்பது வயரைத்தான். ஆளைக் காப்பதற்கு வேறு கருவி வேண்டும்.

அந்த வேறு கருவிதான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பேஸ் வழியாக வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் இடையே 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர், வித்தியாசம் வந்துவிட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டு கம்பிகளையும் துண்டித்துவிடும். எர்த் தடை 1000 ஓம் என்ற மோசமான நிலையில் இருந்தாலும் 0.23 ஆம்பியர் கசியும். கருவி விழுவதற்கு வேண்டியதைப் போல் அது ஏழு மடங்குக்கு மேல். அதற்காக எர்த் குழியை அலட்சியமாக விடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாறை மண்ணில் நல்ல எர்த் கிடைப்பது கடினம் என்பதாலேயே நம் மாவட்டங்களுக்கு இந்தக் கருவி மற்ற இடங்களைவிட அவசியம் என்பதே நான் சொல்ல வருவது. புதிய விதி நமக்காகவே எழுதப்பட்டது போல் இருக்கிறது. நாம்தான் அதை அறியாமல் இருக்கிறோம்.

கருவியை வாங்கி மாட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. பாலக்கோடு பக்கத்தில் ஒரு வீட்டில், புதிதாகப் போட்ட ஆர்.சி.சி.பி. ஏன் அடிக்கடி விழுந்தது என்று பார்க்க என்னை அழைத்தார்கள். மெயின் போர்டைத் திறந்து பார்த்தேன். கருவி அதன் இடத்தில் அழகாக நின்றது. பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் மேலே வரும் பேஸ் கம்பியிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்துக் கீழே போகும் கம்பியோடு நேராகச் சேர்த்து, கருவிக்குள் மின்சாரம் போகாதபடியே இணைத்திருந்தார்கள். நியூட்ரலுக்கும் அதே ஏற்பாடு. வீட்டுக்காரர், “அண்ணா, அது விழுந்துகிட்டே இருந்துச்சுங்க, ஃபிரிட்ஜ்ல வச்ச மாவு எல்லாம் புளிச்சுப் போயி வீட்ல ஒரே சத்தம். அதான் வயர்மேன் தம்பிகிட்டச் சொல்லி நேரா குடுக்கச் சொல்லிட்டேனுங்க” என்றார். அந்த வயர்மேனுக்கு வீட்டைக் கெடுக்கும் எண்ணம் எதுவும் இல்லை. கருவி ஏன் விழுகிறது என்று தேடும் முறையை அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

அந்த வீட்டில் காரணம் நியூட்ரல்தான். மாடி ஏறும் படிக்கட்டு விளக்குக்குக் கீழ்த்தளத்திலிருந்து பேஸும், அருகில் கிடைத்தது என்று மாடிப் போர்டிலிருந்து நியூட்ரலும் எடுத்திருந்தார்கள். மாடிக்குத் தனி ஆர்.சி.சி.பி. போட்டபிறகு, அந்த விளக்கை யார் போட்டாலும் ஒரு கருவி வழியாகப் போன மின்னோட்டம் அதே கருவி வழியாகத் திரும்பாது, கணக்கு உதைக்கும், கருவி விழும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். மின்வெட்டுக்குப் பழகிய நம் ஊர்களில் இன்வெர்ட்டர் இல்லாத மாடி வீடு அரிது. இன்வெர்ட்டரிலிருந்து வரும் பேஸுக்குத் தனி வயர் இழுத்துவிட்டு, நியூட்ரலை மட்டும் வீட்டின் பொது நியூட்ரலோடு சேர்த்துவிடுவது நெடுநாள் வழக்கம். பழைய ஃபியூஸ் காலத்தில் அதனால் எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. ஆர்.சி.சி.பி. வந்தபின் அதே வழக்கம் தினமும் வீட்டை இருட்டாக்குகிறது. ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலும் அதன் பேஸோடு கூடவே போய்க் கூடவே திரும்ப வேண்டும் என்ற ஒரே பாடத்தை ஒரு மாலை வேளையில் பலகையில் வரைந்து காட்டினால், நூறு வயர்மேன்களுக்குப் புரியும். அவர்கள் செய்யும் ஆயிரக்கணக்கான வீடுகள் பிழைக்கும்.

எல்லாத் தவறும் புது விதி தெரியாததால் வருவது என்றும் சொல்ல மாட்டேன். நியூட்ரலில் தனி ஃபியூஸ் போடக் கூடாது என்பது 1956 விதிகளிலேயே இருந்தது. ஆனாலும் பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டு பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் மாட்டிய போர்டுகள் கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும். மின்சாரம் இல்லை என்று நம்பி ஹோல்டரில் கை வைப்பவருக்கு பேஸ் அங்கேயே காத்திருக்கும். பழைய பாடமே இன்னும் போய்ச் சேராத இடத்தில் புதிய பாடம் தானாகப் போய்ச் சேரும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

வீடுகளின் மின் சுமையும் இப்போது முன்போல் இல்லை. போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின் ஸ்கூட்டர்கள் தயாராகி நாடு முழுவதும் போகின்றன. நம் ஊர் இளைஞர்களும் அவற்றை வாங்கி ஓட்டுகிறார்கள். இரவெல்லாம் அவற்றுக்குச் சார்ஜ் போடுவது வீட்டு வாசலில் உள்ள, பிடி தளர்ந்த பழைய ஐந்து ஆம்பியர் சாக்கெட்டில், ஜன்னல் வழியாக இழுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். சில நிமிடம் ஓடும் மிக்ஸிக்குப் போதுமான இணைப்பு, மணிக்கணக்கில் ஓடும் சுமைக்குத் தாங்காது. தளர்ந்த பிடியில்தான் சூடேறும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் எடுக்கும். அதன் பெரிய பிளக் சின்னச் சாக்கெட்டில் நுழையாமல் இருப்பதே ஒரு பாதுகாப்பு. ஆனால் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் கன்வெர்ட்டர் பிளக் அந்தப் பாதுகாப்பையும் நீக்கிவிடுகிறது. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ₹78,000 வரை மானியம் கிடைப்பதால் கூரைச் சூரிய மின் பலகைகள் கூடிவருகின்றன. மெயின் சுவிட்சை அணைத்தபின்னும், வெயில் இருக்கும்வரை பலகையிலிருந்து இறங்கும் கம்பியில் நேர்மின்சாரம் (டி.சி.) இருந்துகொண்டே இருக்கும் என்பதைப் பின்னாளில் வந்து பழுது பார்க்கும் வயர்மேன் அறிந்திருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் விதிகளும் தரநிலைகளும் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் படிக்க வேண்டியவை.

அப்படியானால் வயர்மேன்கள் இப்போது எங்கிருந்து கற்கிறார்கள்? எலக்ட்ரிக்கல் கடைக் கல்லாவில் நிற்கும்போது காதில் விழுவதிலிருந்தும், வயர், சுவிட்ச் கம்பெனிகள் நடத்தும் கூட்டங்களிலிருந்தும்தான். இக்கூட்டங்களை நான் பழிக்கவில்லை. நல்ல சாப்பாடு போடுகிறார்கள், மதிப்போடு நடத்துகிறார்கள், சில நல்ல செய்திகளும் கிடைக்கின்றன. ஆனால் அங்கே சொல்லப்படுவது அந்தக் கம்பெனியின் பொருளைப் பற்றியதாகவே இருக்கும். எந்த வயர் பெட்டியில் எத்தனை பரிசுப் பாயிண்ட் சேரும் என்பது தெளிவாகத் தெரிந்து வருகிறவருக்கு, எர்த் தடையை அளப்பது எப்படி என்பது தெரியாமல் போகிறது. சட்டம் சொல்லும் பாடத்தை வியாபாரிகளிடம் ஒப்படைத்துவிட்டு அரசு ஒதுங்கி நிற்கக் கூடாது.

வீட்டுக்காரர்களும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, இணைப்பின் திறனோ தன்மையோ மாறாதபடி மாற்றுவதைத் தவிர, புதிய வயரிங், கூடுதல் பாயிண்ட் (விளக்கு, சாக்கெட் இணைப்பு), மாற்றம், பழுது ஆகிய எல்லாவற்றையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமாக, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்று 1956 விதிகளின் 45-ஆவது விதி சொன்னது. பின்வந்த ஒழுங்குமுறைகளும் அதையே தொடர்கின்றன. நடப்பது என்ன? கட்டடக் கொத்தனார் தனக்குத் தெரிந்த ஒருவரை அழைத்து வருவார். பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பார்கள். அந்த விலையில் எர்த் குழி அடங்குமா என்று கேட்பவர் இல்லை. ஓடு, டைல்ஸ், கதவு ஆகியவற்றில் ஆயிரம், இரண்டாயிரம் கூடினால் கவலைப்படாத வீட்டுக்காரர், அதே அளவு விலையில் கிடைக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டாம் என்று சொல்வதை நான் அடிக்கடி கேட்கிறேன். சுவருக்குள் போய்விடுகிற செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் காரணம். மின்சாரம் தாக்கி நாடு முழுவதும் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகள் காட்டுகின்றன. தகரக் கூரையில் உரசும், வீட்டுக்குள்ளிருந்து இழுத்த வயர், அந்தக் கூரையோடு கட்டிய துணி காயப்போடும் இரும்புக் கம்பி, ஈரத் தரையில் இயங்கும் மோட்டார் என்று, மழைக்காலச் செய்திகளில் நாம் படிக்கும் சாவுகளில் பலவற்றைச் சரியாக இணைத்த ஒரு கருவி தடுத்திருக்கும்.

இங்கே டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதிய இணைப்புக்கு வயரிங் முடிந்ததும் ஒப்பந்ததாரர் சோதித்துக் கையெழுத்திட்டுத் தரும் அறிக்கை அது. பேஸ் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் நேர்மின்சாரத்தை ஒரு நிமிடம் செலுத்திப் பார்த்தால், வயரின் மேலுறை மின்சாரம் கசியாமல் தடுக்கும் அளவான காப்புத் தடை 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. இதற்கு மெகர் கருவி வேண்டும். எர்த் தடையை அளக்க வேறொரு கருவி வேண்டும். எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களிடமே நான் வருத்தத்தோடு சொல்வது இது: மெகரைப் பையிலிருந்து எடுக்காமலே, சிலரிடம் மெகரே இல்லாமலும், கட்டங்கள் நிரப்பப்படுகின்றன. வீட்டையே பார்க்காமல் கையெழுத்து மட்டும் தருவதும் நடக்கிறது. இந்த அறிக்கையை வாங்கி வைக்கும் இடத்திலும், எண்கள் நம்பும்படி இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்ப்பவர் குறைவு. எல்லா வீட்டுக்கும் ஒரே எண் எழுதியிருந்தால் அது அளந்த எண் அல்ல என்பது யாருக்கும் விளங்கும்.

ஆகவே மாவட்ட நிர்வாகமும் மின் ஆய்வுத் துறையும் மின்வாரியமும் சேர்ந்து செய்யக்கூடிய சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். முதன்மையானது தமிழில் ஒரு கையேடு. முழு ஒழுங்குமுறையின் மொழிபெயர்ப்பை நான் கேட்கவில்லை. வீட்டு வயரிங் செய்பவருக்கு வேண்டிய பகுதிகள் மட்டும், படங்களோடு, நாற்பது ஐம்பது பக்கத்தில், சட்டைப் பையில் வைக்கும் அளவில் இருக்க வேண்டும். எந்தச் சுமைக்கு எத்தனை ஸ்கொயர் (கம்பியின் பருமன்) வயர், எந்த அறைக்கு என்ன பாதுகாப்பு, இன்வெர்ட்டர் இருந்தால் நியூட்ரலைப் பிரிப்பது எப்படி, பாறை நிலத்தில் ஒரு குழி போதாதபோது இரண்டு மூன்று பைப்புகளைத் தள்ளித்தள்ளி நட்டு இணைப்பது எப்படி என்பவை அதில் வர வேண்டும். ஒவ்வொரு முறை விதி மாறும்போதும் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றி அச்சிட்டு, எலக்ட்ரிக்கல் கடைகளில் வைத்தாலே போதும். வயர்மேன் நாள்தோறும் போகும் இடம் அதுதான்.

அடுத்தது வகுப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பயிற்சிக்கூடம் இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வையும் இத்தகைய நிலையங்களில்தான் நடத்துகிறார்கள். தேர்வு நடத்தும் இடத்திலேயே, தேர்ச்சி பெற்றுத் தொழிலில் இருப்பவர்களுக்காக ஆண்டுக்கு இருமுறை ஞாயிற்றுக்கிழமையில் அரைநாள் வகுப்பு நடத்துவதில் பெரிய செலவில்லை. நாள் கூலியை விட்டுவிட்டு வருவது தொழிலாளிக்குக் கடினம் என்பதால்தான் ஞாயிற்றுக்கிழமை என்கிறேன். ஒப்பந்ததாரர் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இவ்வகுப்புக்கு வந்த சான்றைக் கேட்டால், எங்களைப் போன்றவர்கள் எங்களிடம் வேலை செய்பவர்களையும் அழைத்துக்கொண்டு வருவோம். கட்டாயம் என்றால் முணுமுணுப்பு எழும் என்பது உண்மைதான். ஆனால் வாகன ஓட்டுநர் உரிமத்தையே காலம் குறித்துப் புதுப்பிக்கும் நாட்டில், பிறர் வீட்டுச் சுவருக்குள் மின்சாரத்தைப் பதிப்பவன் பத்தாண்டுக்கு ஒருமுறைகூடப் புதிதாகக் கற்க வேண்டாம் என்பது சரியாகாது.

புதிய இணைப்பு தர வரும் மின்வாரிய ஊழியர், மீட்டர் பொருத்தும் நாளில் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதை வழக்கமாக்கலாம். அரை நிமிட வேலை. பொத்தானை அழுத்தினால் கருவி விழ வேண்டும்; வீட்டு விளக்குகள் அனைத்தும் அணைய வேண்டும். விழுந்தும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், பாலக்கோட்டு வீட்டில் நான் கண்டதைப் போல நேர் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். வீட்டுக்காரர்களும் மாதம் ஒருமுறை இதை அழுத்திப் பார்க்க வேண்டும். அந்தப் பொத்தான் கருவி இயங்குகிறதா என்பதை மட்டும் காட்டும். எர்த் குழி நன்றாக இருக்கிறதா என்பதைக் காட்டாது. பேஸையும் நியூட்ரலையும் ஒருவர் இரு கைகளால் ஒரே நேரத்தில் தொட்டால் கருவி அதைச் சாதாரணச் சுமை என்றே எண்ணிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அரசு உதவியோடு கட்டப்படும் வீடுகளைப் பற்றித் தனியாகக் குறிப்பிட வேண்டும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலும் பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்திலும் நம் கிராமங்களில் ஏராளமான வீடுகள் எழுந்து வருகின்றன. 360 சதுர அடி வீட்டுக்கு ஒரே ஒரு ஆர்.சி.சி.பி.யும், ஒழுங்கான ஒரு எர்த் குழியும் போதும். தவணைத் தொகையை விடுவிக்குமுன் அடித்தளம், கூரை என்று ஒவ்வொரு கட்டமாகப் புகைப்படம் எடுத்துப் பார்க்கும் அலுவலர்கள், எர்த் பைப் முழு நீளத்துக்கு இறங்குகிறதா என்பதையும், மூடுவதற்கு முன் ஒரு புகைப்படத்தில் பார்த்துவிடலாம். குழியை மூடிய பிறகு அதைக் கண்டுபிடிக்கும் வழி தோண்டுவது ஒன்றுதான்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். இரு மாவட்டச் செய்திகளைத் தாங்கி வரும் பக்கத்தில், மாதம் ஒருமுறையாவது, வீட்டு மின் விதிகளில் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எந்த ஆண்டில் எப்படி மாறியது, வயர்மேன் என்ன செய்ய வேண்டும், வீட்டுக்காரர் என்ன கேட்க வேண்டும் என்று தெளிவான தமிழில் வெளியிடுங்கள். மின் ஆய்வுத் துறையிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இதை எழுதித் தரத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். தாங்கள் கேட்டால் அவர்கள் மறுக்க மாட்டார்கள். முதல் மாதத்துக்கு, இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் நியூட்ரலைப் பிரிக்கும் முறையையே எடுத்துக்கொள்ளலாம். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிக் கடைகளில் அந்தப் பக்கத்தை வெட்டி ஒட்டிவைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின் பணி ஒப்பந்ததாரர் ஒருவர்,
காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.